ஆஃப்லைன் ரெண்டர் பண்ணா ‘டக்’னு ஒரு சத்தம் மட்டும் வருது, ஏன்?

தாளக்காரன்:
வணக்கம் மக்களே. பிரவுசர்ல ஓடுற மாதிரி சின்னதா ஒரு டிரம் மெஷின் எழுதிட்டு இருக்கேன், வெறும் வெப் ஆடியோ (பிரவுசர்லயே இருக்குற சத்த வசதி) தான், லைப்ரரி எதுவும் இல்ல. ப்ளே அமுக்குனா நல்லா வாசிக்குது. இப்ப டவுன்லோட் பட்டன் ஒண்ணு வேணும், அமுக்குனா 3 நிமிஷ பாட்டும் வேவ் ஃபைலா வரணும். மீடியா ரெக்கார்டர்ல பிடிக்கலாம் ஆனா 3 நிமிஷ பாட்டுக்கு 3 நிமிஷம் உக்காந்து காத்திருக்கணுமே, அதான் ஆஃப்லைன் ஆடியோ கான்டெக்ஸ்டுக்கு (ஸ்பீக்கர்ல வாசிக்காம வேகமா கணக்குப் போட்டு சத்தத்த எடுக்குறது) மாத்தினேன். சேனல் 2, நீளம் 180, சாம்பிள் ரேட் 44100. எரர் எதுவும் வரல, கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிருது, ஃபைல தொறந்தா ‘டக்’. அவ்ளோதான்.

அலைவரிசை:
நீளம் செகண்ட்ல இல்ல ப்ரோ, சாம்பிள் ஃப்ரேம்ல (உங்க சாம்பிள் ரேட்ல செகண்டுக்கு 44100 வர்ற குட்டித் துண்டு). 180 ஃப்ரேம்னா 4 மில்லிசெகண்ட் தான். 180ஐ 44100ஆல பெருக்கி 79,38,000 குடுங்க.

தாளக்காரன்:
ஆமா, இப்ப 3 நிமிஷ ஃபைல் வருது, நன்றி. ஆனா முதல் தட்டு மட்டும் கேக்குது, மிச்சம் பூரா மௌனம். ப்ளேக்கு எழுதுன அதே கோடு தான், செட்இன்டர்வல் டைமர் வச்சு 25 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ பாத்து அடுத்த 0.1 செகண்டுக்குள்ள வர்ற தட்டுங்கள ஷெட்யூல் பண்றேன்.

பழைய ஸ்பீக்கர்:
அந்த செட்இன்டர்வல் தான் பிரச்சனை. ப்ளே பண்றப்போ கரண்ட்டைம் (கான்டெக்ஸ்டோட நேரம்) நம்ம கடிகாரத்தோட சேந்து நடக்கும், அதனால டைமர் கொஞ்சம் முன்னாடி ஓடிப்போய் தட்டு வச்சா போதும். ஆஃப்லைன்ல அப்படி கிடையாது, ஸ்டார்ட்ரெண்டரிங் கூப்பிட்ட உடனே அது தனி த்ரெட்ல சிபியு எவ்ளோ வேகமா ஓடுமோ அவ்ளோ வேகமா கணக்குப் போட்டுட்டுப் போயிரும், உங்க டைமருக்காக நிக்காது, டைமர் அடுத்து எந்திரிக்கிறப்போ பாட்டுல பாதியோ முழுசோ தாண்டியிருக்கும், கடந்துபோன நேரத்துக்கு தட்டு வச்சு என்ன பண்ண?

அதனால ரெண்டர் தொடங்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் வச்சு முடிச்சிருங்க. தட்டு வைக்கிற ஃபங்ஷன மட்டும் தனியா எடுத்து, கான்டெக்ஸ்டையும் நேரத்தையும் வெளியில இருந்து வாங்குற மாதிரி மாத்துங்க. ப்ளே பண்றப்போ டைமர் அத கூப்பிடட்டும், டவுன்லோடுக்கு சாதா ஃபார் லூப் கூப்பிடட்டும். 120 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 120 பீட்) பதினாறுல ஒரு ஸ்டெப், அதாவது கால் பீட், 0.125 செகண்ட், 3 நிமிஷத்துக்கு 1440 ஸ்டெப், லூப்புக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. வால்யூம் ஃபேட மறந்துராதீங்க, டைமர்ல கெய்னோட (வால்யூம் அளவு) வேல்யூவ மாத்திட்டு இருந்தா அதுவும் இதே கதி தான், செட்வேல்யூஅட்டைம், லீனியர்ராம்ப் ரெண்டையும் வச்சு எந்த நேரத்துல எவ்ளோ வால்யூம்னு முன்னாடியே எழுதிருங்க.

இன்னொண்ணு, ப்ளே கான்டெக்ஸ்ட்ல செஞ்ச கெய்ன், ஃபில்டர் நோடுங்கள (சத்தம் கடந்து போற பெட்டிங்க) இங்க கனெக்ட் பண்ண முடியாது, எரர் அடிக்கும், புதுசா தான் செய்யணும். டீகோட் பண்ணி வச்ச ஆடியோபஃபர (மெமரில இருக்குற சத்த டேட்டா) மட்டும் ரெண்டு பக்கமும் தாராளமா யூஸ் பண்ணலாம்.

அலைவரிசை:
நடுவுல நிறுத்தி எதையாவது மாத்தியே ஆகணும்னா சஸ்பெண்ட் இருக்கு, எந்த நேரத்துல நிக்கணும்னு முன்னாடியே சொல்லி வச்சு, நின்னதும் மாத்திட்டு ரெஸ்யூம் பண்ணலாம். 128 ஃப்ரேம் எல்லையில தான் நிக்கும். டிரம் மெஷினுக்கு இது தேவையில்லாத வேலைன்னு என் அபிப்ராயம்.

தாளக்காரன்:
ஃபார் லூப் வேலை செய்யுது!! 3 நிமிஷம் ரெண்டு மூணு செகண்ட்ல முடிஞ்சிருது. கடைசியா ரெண்டு விஷயம். ரிவெர்ப் (எதிரொலி) முடியுறதுக்கு முன்னாடியே பாட்டு கத்தரிச்ச மாதிரி நிக்குது. அப்புறம் கிக்கும் பேஸும் சேந்து வர்ற இடத்துல படுமோசமா ஒரு கரகரப்பு, ப்ளே பண்றப்போ அது இவ்ளோ இல்ல.

பழைய ஸ்பீக்கர்:
முதலாவது ஈசி, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ரிவெர்ப்புக்கு குடுக்குற எதிரொலி சாம்பிள்) எத்தனை செகண்டோ அத 44100ஆல பெருக்கி நீளத்துல கூட்டிக்கோங்க.

கரகரப்பு வேவ் எழுதுற கோடுல இருந்து வருது. ஆடியோபஃபர்ல இருக்குறது ஃப்ளோட் (தசம எண்), ஒண்ணத் தாண்டினாலும் அப்படியே வச்சிருக்கும். நீங்க 1.2ஐ 32767ஆல பெருக்கி செட்இன்ட்16ல (மைனஸ் 32768ல இருந்து 32767 வரைக்கும் தான் பிடிக்கும்) போட்டா 39320 அதுக்குள்ள அடங்காது, சுத்திட்டுப் போய் மைனஸ் 26216ஆ உக்காரும், மேல போகவேண்டிய அலை திடீர்னு அடியில குதிச்சா காது கிழியாம என்ன செய்யும். ப்ளே பண்றப்போ எல்லையில வெட்டி விட்ருது, அதான் அவ்ளோ தெரியல. பெருக்குறதுக்கு முன்னாடி மைனஸ் 1ல இருந்து 1க்குள்ள அடக்குங்க. இல்ல அதுக்கும் மேல போய் பஃபர் முழுக்க பீக் எவ்ளோன்னு பாத்து மொத்தமா வால்யூம கொறச்சீங்கன்னா வெட்டே விழாது, நான்னா இததான் பண்ணுவேன். அப்புறம் செட்இன்ட்16க்கு மூணாவதா ட்ரூ குடுத்திருக்கீங்களா பாருங்க, வேவ் லிட்டில் என்டியன் (சின்ன பைட் முதல்ல வரும்).

மௌனராகம்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், மெமரிய யாரும் சொல்லல. முழு பஃபரும் ஒரே நேரத்துல ராம்ல உக்காரும். ஸ்டீரியோ 44100ல செகண்டுக்கு 3,52,800 பைட், உங்க 3 நிமிஷத்துக்கு 63 எம்பி, பரவால்ல. ஒரு மணி நேர மிக்ஸ்னா 1.2 ஜிபிய தாண்டும், மொபைல்ல டேப் செத்துரும்.

தாளக்காரன்:
அடக்குனதும் கரகரப்பு போயிருச்சு, பீக் பாக்குறதையும் சேத்துடறேன். ஆனா பட்டன ரெண்டாவது தடவ அமுக்குனா இன்வேலிட் ஸ்டேட் எரர் வருது?

அலைவரிசை:
ஒரு கான்டெக்ஸ்ட ஒரு தடவ தான் ரெண்டர் பண்ண முடியும். கிளிக் ஹேண்ட்லருக்குள்ள புதுசா உருவாக்குங்க.