கண்டியில ரெண்டு நாள்: எங்க சாப்பிடலாம், எங்க தங்கலாம்?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. வர்ற சனி, ஞாயிறு அம்மாவையும் மாமியாரையும் பிள்ளைகளோட ஹட்டன்ல இருந்து கண்டிக்குக் கூட்டிட்டுப் போறோம். பஸ் கம்பளை வழியா வர்றதால முதல்ல பேராதனைப் பூங்காவில இறங்கிடலாம்னு யோசனை. ரெண்டு பேருக்கும் முழங்கால் வலி. பனைமர வரிசையும் ஓர்கிட் வீடும் பார்த்தாலே போதும்.

சாயந்தரம் 6.30 பூசைக்கு, புத்தரோட புனிதப் பல் இருக்கிற தலதா மாளிகை. மேளச் சத்தத்துல, கூட்டத்தோட கியூவில நின்னு மாடி ஏறணும். வயசானவங்களைக் கியூ இல்லாம தனி வழியில விடுவாங்களா? மாமியார் இப்பவே வெள்ளைச் சாரியைத் தேய்ச்சு வச்சிட்டாங்க.

ஞாயிறு காலை கட்டுக்கலை பிள்ளையார் கோயில், அப்புறம் வாவியோரமா மெதுவா ஒரு நடை. அந்த வாவியைக் கட்டினது கண்டியோட கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல ராச்சியமே கைவிட்டுப் போச்சு. பிள்ளைகளுக்கு அந்த இடத்துலயே சொல்லணும்.

சாப்பாடுதான் குழப்பம். பெரியவங்க சைவம், பிள்ளைகளுக்கோ ராத்திரி கொத்து ரொட்டி இல்லாட்டி சரிவராது. ரெண்டும் கிட்டக்கிட்ட கிடைக்கிற இடம் இருக்கா? சைவக் கடைன்னா இடியப்பமும் சொதியும் சுடச்சுட இருக்கணும், முக்கியமா படி ஏறக்கூடாது. மாளிகைக்குக் கிட்ட கீழ்மாடியில சுத்தமான ரூம் தெரிஞ்சாலும் சொல்லுங்க, வாடகையோட.