கிராக்லே கண்ணாடிக்குத் தமிழ்ச் சொல்: வெள்ளிக்குள் தேவை

அன்பர்களே, 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கண்ணாடியில் ஜப்பானியத் தாக்கம் பற்றிய கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. யூஜின் ரூசோவின் ‘கிராக்லே’ ஜாடிகளை ‘விரிசல் கண்ணாடி’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

—

> விரிசல் கண்ணாடி

உடைந்த சாமான் என்றுதான் படிப்பார்கள். இது வேண்டுமென்றே செய்வது. ஊதுகுழல் நுனியில் தகதகக்கும் கண்ணாடியைக் குளிர்நீரில் ஓரிரு நொடி முக்கினால் மேல்தோல் மட்டும் வெடிக்கும். உடனே மறுபடி உலையில் காட்டி ஊதினால் கோடுகள் அகலும். நீரில் கூடுதலாக நின்றால் உள்சுவரே பிளந்துவிடும். உலையில் கூடுதலாக நின்றால் கோடுகள் உருகி மறைந்துவிடும்.

—

‘விடர்’ இருக்கிறதே ஐயா! மலைப்பிளவுக்குச் சங்கப் புலவர் ஆண்ட சொல். விள், விடு, விடர் என்று வேரும் தெளிவு. விடர்க்கண்ணாடி.

—

விடன் என்பதன் பன்மையும் விடர்தான். காமுகர் கண்ணாடி என்று கையேட்டில் போடலாமா?

—

வெனிஸில் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்தார்கள், பனிக்கட்டியின் பெயரால். பனிக்கண்ணாடி எளிது.

—

எளிதுதான், குளியலறைச் சன்னல் நினைவுக்கு வரும். தவிர, நுட்பம் வெனிஸுடையது என்றாலும் ரூசோவின் கண் கிழக்கே இருந்தது. அவர் முதலில் பீங்கான் வணிகர். 1866-இல் பிரெஞ்சு ஓவியர் பிராக்மோன், ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் மீன், பறவைகளை எடுத்தாண்டு வரைந்த உணவுத்தட்டு வரிசையை வெளியிட்டவர். கிழக்காசியப் பீங்கானில் மெருகு (மேலே சுட்ட கண்ணாடிப் பூச்சு) வெடித்த கோலம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே மெருகு அடிமண்ணைவிட அதிகம் சுருங்குவதால் வெடிக்கிறது, மறுசூடு கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம். ‘வெடிவரிக் கண்ணாடி’?

—

பட்டாசுக்குப் போட்ட வரியா?

—

‘விரிசற்கோலக் கண்ணாடி’. கோலம் என்றதுமே வேண்டிச் செய்தது என்று புரியும்.

—

பொருள் சரி. ‘விரிசற்’ என்ற இடத்தில் படிப்பவர் தடுக்குவார். விரிசல்கோலம் என்றே விடுங்கள்.

—

நாற்காலியில் உட்காரும்போது யாரும் தடுக்கவில்லையே. புணர்ச்சியை விட்டால் தமிழில் என்ன மிச்சம்? ‘ஜாடி’யையும் ‘சாடி’ ஆக்குங்கள், பழைய சொல்தான்.

—

சாடியை இன்னொரு இழையில் பேசலாம், ஐயா. விரிசற்கோலத்துக்கு நால்வர், பனிக்கண்ணாடிக்கு ஒருவர். விரிசற்கோலக் கண்ணாடி என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் கிராக்லே.

—

என் வாக்கை எண்ணவில்லை. விடர்.