ஆஷுலியாவில் வேலைக்குப் போகலாமா: டாக்கா புறநகரில் இருந்தவர்களின் அனுபவங்கள்

அவிநாசி ரோடு

ஆஷுலியாவிலுள்ள ஒரு பின்னலாடை நிறுவனம் எனக்குத் தரக் கட்டுப்பாட்டு மேலாளர் வேலை தருவதாகச் சொல்லி, இந்த ஜனவரியில் நேரில் பார்த்துவிட்டு வரும்படி டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. திருப்பூரில் வாங்குவதைப் போல இரு மடங்குச் சம்பளம்; மனைவியையும் ஆறு வயது மகனையும் அழைத்துப் போகலாம். தொழிற்சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேக்கிங் பிரிவில் வெள்ளை டி-ஷர்ட் லாட்டுகள் மட்டும் கனமான பாலித்தீன் விரிப்பால் மூடப்பட்டு, ஓரமெல்லாம் டேப் ஒட்டப்பட்டிருந்தன. காரணம் கேட்டதற்கு, “குளிர்காலத்தில் திறந்து வைத்தால் மடிப்பின் மேல் கோடு விழுந்துவிடும், பையர் ஏற்க மாட்டார்” என்று மேற்பார்வையாளர் சர்வசாதாரணமாகச் சொல்லி, ஒதுக்கி வைத்திருந்த ஒரு பீஸையும் எடுத்துக் காட்டினார். விரலால் தேய்த்தேன், அந்தச் சாம்பல் கோடு அழியவில்லை, பரவியது. துணியில் கறை பார்த்தே பதினாறு ஆண்டு பிழைத்தவனுக்கு அது கண்ணை விட்டுப் போக மறுக்கிறது. அந்தக் காற்றில் குடும்பத்தோடு இருக்கலாமா, அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சியான்

கொழும்பில் ஆடைத்தொழிற்சாலையில் இருந்துவிட்டு டாக்காவுக்குப் போன பல இலங்கையரைப் போல நானும் டாக்காவின் வடபகுதியான உத்தராவில் வீடெடுத்து, நான்கு ஆண்டுகள் காஜிப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தேன். டிசம்பரில் குடிபுகுந்த எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு மாமரம் நின்றது. அதன் இலைகள் மண்நிறமாக இருந்ததால் பட்டுப்போன மரமென்றே நினைத்திருந்தேன். ஏப்ரலில் ஒரு மாலை காலபைசாகிப் புயல் அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், மரம் முழுவதும் பச்சை. அன்றுதான் நான்கு மாதமாக எதைச் சுவாசித்தோம் என்பது உறைத்தது. ஆனாலும் மழைக்காலக் காற்றில் குறை காண முடியாது, அயலவர்கள் அன்பானவர்கள். ஆகவே அஞ்சாமல் போங்கள் என்றே சொல்வேன்.

மூன்று குளிர்காலம்

வடமராட்சியான் ஐயா சொன்னதில் பாதியை மறுக்க வேண்டியிருக்கிறது. மாமரத்தை மழை கழுவும், நுரையீரலைக் கழுவாது. என் மனைவிக்கு அதற்கு முன் மூச்சிரைப்பே இருந்ததில்லை. இரண்டாவது ஜனவரியில் ஒரு நள்ளிரவு, உத்தராவை ஒட்டிய அப்துல்லாபூர் நெரிசலில் லாரிகளுக்கு நடுவே கார் நின்றுவிட, கையிலிருந்த இன்ஹேலரில் மருந்து தீர்ந்துபோய் வெறும் காற்றாக வந்த சத்தத்தை நான் மறக்கப்போவதில்லை.

தம்பி கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நிலக்கரி எரிக்கும் செங்கல் சூளைகள் ஏறத்தாழ நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஓடும். அதே மாதங்களில்தான் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையை மேலெழ விடாது. ஆஷுலியா அடங்கிய சாவர் உபஜிலாவை (வட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) 2025 ஆகஸ்டில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறையே காற்று சீர்கெட்ட பகுதியாக அறிவித்து, பெரும்பாலான சூளைகளுக்குத் தடை விதித்தது. தடை வேறு, நடைமுறை வேறு. போதாக்குறைக்கு, விமான நிலையத்திலிருந்து ஏற்றுமதி மண்டலம் வரை 24 கிலோமீட்டர் மேம்பாலச் சாலை வேலை 2022-இல் தொடங்கியதிலிருந்து அந்த வழியெங்கும் புழுதிதான். டாக்காவின் எண்ணென்று பலரும் காட்டி வந்தது அமெரிக்கத் தூதரகக் கருவியின் அளவை. அது இருப்பது டாக்கா நகருக்குள் பாரிதாராவில், ஆஷுலியாவில் அல்ல, அந்த அளவைப் பொதுவில் பகிர்வதும் 2025 மார்ச்சில் நின்றுவிட்டது. ஆகவே சிறிய அளவுமானி ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். பி.எம். 2.5 எனும் மிக நுண்ணிய துகள் ஒரு கன மீட்டர் காற்றில் நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே ஜனவரியில் அதன் பத்து மடங்கு புதிதல்ல. ஏசி இருக்கிறதே என்று நிறுவனத்தார் சொல்வார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுமே தவிர நுண்துகளைப் பிடிக்காது. படுக்கையறைக்கு, நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும், மாற்று வடிகட்டியின் செலவையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஆண்டு விடுப்பை டிசம்பர், ஜனவரியில் தரச் சொல்லுங்கள். ஏற்றுமதி நெருக்கடியைக் காட்டி மறுப்பார்கள், விடாதீர்கள்.

நொய்யல்காரன்

இதைப் படித்தால் நாமெல்லாம் சுத்தமான ஊரில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எதனால்? நொய்யலில் ஓடியது நாம் விட்ட சாயம்தானே? டாக்கா பக்கத்துத் துராக் ஆற்றின் கறுப்புத் தண்ணீரை டோங்கிப் பாலத்தில் நின்று பார்த்தபோது எனக்கு அருவருப்பு வரவில்லை, அடையாளம்தான் தெரிந்தது.

அவிநாசி ரோடு

நொய்யல்காரன் அண்ணா சொல்வது உண்மைதான், ஆனால் ஆற்றை விட்டு விலகிக் குடியிருக்கலாம். காற்றை விட்டு எங்கே விலகுவது? சுத்திகரிப்பானுக்கு நிறுவனம் சம்மதித்துவிட்டது. உத்தராவில் வீடு கேட்டதற்கு, வளாகக் குடியிருப்பு மட்டும்தான் என்று எழுதியிருக்கிறார்கள். வெள்ளி அங்கே விடுமுறை என்பதால் வியாழனுக்குள் பதில் வேண்டுமாம். மனைவி சம்பளக் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். ஒதுக்கி வைத்த அந்த வெள்ளை பீஸைக் கேட்டு வாங்கி வந்திருக்க வேண்டும், தோன்றாமல் போய்விட்டது.