புதுப்பிப்பு: அக்காவுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை வேண்டாம் என்றாகிவிட்டது

கழுத்துக் கழலைக்காக அக்காவின் தைராய்டில் ஒரு பாதியை எடுத்தபோது, பயாப்சியில் எதிர்பாராமல் புற்றுநோய் தெரிந்தது. மீதியையும் எடுக்க வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன்.

வேண்டாம் என்று சேலத்து டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அறிக்கையில் பேனாவால் அடிக்கோடிட்டே காட்டினார்: பாப்பிலரி வகை (தைராய்டுப் புற்றுநோயில் ஒரு வகை), 6 மில்லிமீட்டர், ஒரே இடம், சுரப்பியைத் தாண்டவில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட இத்தகைய கட்டிக்குப் பாதியை எடுத்ததே போதும் என்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல். மிஞ்சிய தைராய்டுத் திசுவை அழிக்கத் தரும் கதிரியக்க அயோடின் சிகிச்சையும் தேவையில்லை. மீதியையும் எடுத்தால் குரல் நரம்புக்கும், கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கும் ஆபத்து. ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரை வேறு. அதைத் தவிர்த்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

இனி அவ்வப்போது கழுத்து ஸ்கேனும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையும்தான். அக்கா ஏற்காட்டில் காப்பி பறிக்கப் போகத் தொடங்கிவிட்டாள். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி.