ஸ்லோ குக்கரிலை மாட்டிறைச்சி: குழம்பு தண்ணி, இறைச்சி சக்கை. எங்கை பிழை?

கொட்டடிக்காரன்:

வணக்கம். லண்டனிலையிருந்து வந்த 3.5 லீற்றர் ஸ்லோ குக்கர் ஒண்டு கிடக்கு. ரெண்டு தரம் மாட்டிறைச்சி வைச்சும் சரிவரேல்லை. செய்த முறையை அப்பிடியே எழுதுறன், பிழையைச் சொல்லுங்கோ.

எலும்பில்லாத தொடைச்சதை 1 கிலோ, முக்கால் அங்குலத் துண்டு. வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறித்தூள் 3 மேசைக்கரண்டி, கறுவா, ஏலம், கராம்பு வழமையான அளவு. மெதுவாகட்டும் எண்டு பப்பாசிக்காய் அரைச்சு ஒரு மேசைக்கரண்டி. ஒரு தேங்காய்ப் பால் முழுக்க, அதுக்கு மேலை இறைச்சி தாழுற அளவு தண்ணி. எல்லாத்தையும் பச்சையாப் போட்டு 'லோ'விலை 8 மணித்தியாலம்.

வந்தது: ரசம் மாதிரிக் குழம்பு, மேலை எண்ணெய், கீழை திரைஞ்ச பால். இறைச்சி வெளியிலை களி, உள்ளுக்கை சக்கை. தூள் மணமே இல்லை, கறுவா மட்டும் தூக்கலா நிக்குது.

மலிவான பகுதிதான் இதுக்கு நல்லது எண்டு சொல்லினம். கடையிலை எதைக் கேக்கிறது? தண்ணி எவ்வளவு? இடையிலை கரண்ட் போனால் என்ன செய்யிறது?

அகப்பை:

தம்பி, முதல் பிழை கடையிலையே நடந்திட்டுது. தொடைச்சதை விலை கூட, ஆனா இந்த வேலைக்கு ஆகாது. சூடு 60 பாகையைத் தாண்டினவுடனை இறைச்சி நார் சுருங்கித் தன்ரை தண்ணியை வெளியிலை பிழிஞ்சுவிடும். இது எந்தப் பகுதிக்கும் நடக்கும். ஆனா காலிலையும் கழுத்திலையும் நாருக்கு இடையிலை சவ்வு ஓடுது. அந்தச் சவ்வு மணிக்கணக்கா 80, 90 பாகையிலை கிடந்து உருகிப் பசையாகும். பிழிஞ்சு போன ஈரத்துக்குப் பதிலா நாரைச் சுத்தி நிக்கிறது அந்தப் பசைதான். தொடையிலை உருக ஒண்டுமில்லை, அதுதான் சக்கை.

கேக்க வேண்டியது: முன்னங்கால், பின்னங்கால் கீழ்ச்சதை (முழங்காலுக்குக் கீழை, குறுக்கை வெட்டினால் வெள்ளை நரம்பு தெரியும்), கழுத்து, நெஞ்சு, தோள். வால் கிடைச்சால் விடாதேங்கோ. கால் பாதி, கழுத்து பாதி எண்டு கலந்து வாங்கினால் குழம்புக்குப் பிடிப்பும் வரும், தின்னச் சதையும் இருக்கும். கடைக்காரர் பழக்கத்திலை கத்தியாலை கொத்திச் சின்னனாக்கிப் போடுவார். 'பெரிசா வெட்டுங்கோ, ரெண்டு அங்குலம்' எண்டு முதலே சொல்லவேணும். சின்னத் துண்டு எட்டு மணித்தியாலத்திலை நார் நாராப் பிரிஞ்சு குழம்புக்கை கலந்துபோடும். நரம்பை வெட்டி எறியவும் விடாதேங்கோ, கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டிய சாமான் அது.

ரெண்டாவது பப்பாசி. அடுப்பிலை வைக்கிற கறிக்கு அது சரி, கெதியாக் கொதிச்சால் அதின்ரை வேலை நிண்டுபோம். ஸ்லோ குக்கரிலை சூடு ஆறுதலா ஏறுது. பப்பாசிப் பாலுக்கு நல்லா வேலை செய்யப் பிடிச்ச 60, 70 பாகையிலை கனநேரம் நிக்கும். வெளித்தோல் களியானது அதாலைதான். இதுக்குப் பப்பாசியே வேண்டாம்.

தண்ணி: மூடி இறுக்கமா இருக்கிறதாலை ஆவி வெளியிலை போகாது, மூடியிலை பட்டுத் திரும்ப உள்ளுக்கைதான் விழும். அதோடை ஒரு கிலோ இறைச்சி தானாவே கால் லீற்றருக்குக் குறையாமல் விடும், வெங்காயமும் விடும். ஆகவே ஒரு கிலோவுக்கு 150 மில்லிலீற்றர் காணும். தொடங்கேக்கை இறைச்சியின்ரை அரைவாசி உயரம் கூட வராது, பயப்பிடாதேங்கோ.

இப்ப முறை. இறைச்சியைத் துணியாலை ஈரம் ஒத்தி எடுத்து, தட்டையான 2 தேக்கரண்டி உப்புப் பிரட்டி வையுங்கோ. தாச்சியை நல்லாச் சூடாக்கி 2 மேசைக்கரண்டி எண்ணெயிலை மூண்டு தரமாப் பிரிச்சுப் போட்டு ரெண்டு பக்கமும் மண்ணிறமா வாட்டுங்கோ. ஒரேயடியாக் கொட்டினால் தண்ணி விட்டு அவியத் தொடங்கிவிடும், நிறம் வராது. இந்த வேலையைக் குக்கருக்கை எத்தினை மணித்தியாலம் வைச்சாலும் செய்ய ஏலாது, ஏனெண்டால் ஈரம் இருக்கும் மட்டும் சூடு 100 பாகைக்கு மேலை போகாது. மண்ணிற மணம் வர 140 அளவிலை வேணும்.

இறைச்சியை எடுத்துப்போட்டு அதே தாச்சியிலை 200 கிராம் சின்ன வெங்காயம், 8 பல்லு உள்ளி, ஓரங்குல இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை (கறிக்குப் போடுற வாசனை இலை). வெங்காயம் சிவந்த பிறகு அடுப்பை நிப்பாட்டி, அந்தச் சூட்டிலையே 3 மேசைக்கரண்டி தூளைப் போட்டுக் கிண்டுங்கோ. முதலிலை எண்ணெயை உறிஞ்சிக் கட்டியாகும், இருபது, முப்பது விநாடியிலை எண்ணெய் சிவந்து ஓரத்தாலை கசியும். அந்த இடத்திலை 150 மில்லி சுடுதண்ணியை விட்டு, அடியிலை ஒட்டினதை அகப்பையாலை சுரண்டி, எல்லாத்தையும் குக்கருக்கை வழிச்சு ஊத்துங்கோ. எங்கடை தூள் ஏற்கெனவே வறுத்தது, அடுப்பு எரிய எரியப் போட்டால் வெந்தயம் கரிஞ்சு கைக்கும்.

கறுவா, கராம்பு, ஏலம் அரைவாசி போடுங்கோ. மூடின சட்டியிலை அவ்வளவு நேரம் ஊறினால் மற்ற மணத்தை அமத்திப்போடும்.

'லோ'விலை 8 தொடக்கம் 9, 'ஹை'யிலை 5 தொடக்கம் 6 மணித்தியாலம். கனபேர் லோ எண்டால் குறைஞ்ச சூடு எண்டு நினைக்கினம். பெரும்பாலான குக்கரிலை ரெண்டும் கடைசியிலை கொதிநிலைக்குக் கிட்டத்தான் போய் நிக்கும், போய்ச்சேர எடுக்கிற நேரம்தான் வித்தியாசம். வயசான மாடெண்டால் சவ்வு முத்தியிருக்கும், இன்னும் ஒண்டரை மணித்தியாலம் கேக்கும். மணிக்கூட்டை விட இறைச்சியைப் பாருங்கோ: வெள்ளையா இருந்த நரம்பு நுங்கு மாதிரிக் கண்ணாடியாகி, முள்ளுக்கரண்டியைக் குத்தித் திருப்பத் துண்டு தானாப் பிரியவேணும். றப்பராக் கிடந்தால் அளவுக்கு மிஞ்சி அவிஞ்சதெண்டு அர்த்தமில்லை, இன்னும் அவிஞ்சது காணாது. இடையிலை மூடியைத் திறந்து திறந்து பாக்கிறேல்லை, ஒவ்வொரு தரமும் இருபது நிமிசமாவது பின்னுக்குப் போகும்.

பால் கடைசியிலைதான். வீட்டுக் கறிக்கு முதற்பாலைக் கடைசியிலைதானே விடுறனாங்கள், இதுக்கு மட்டும் ஏன் மாறவேணும்? கனநேரம் கொதிநிலையிலை நிண்டால் பாலிலை உள்ள புரதம் திரைஞ்சு எண்ணெய் பிரியும். இறைச்சி அவிஞ்ச பிறகு எல்லாத்தையும் தாச்சியிலை ஊத்தி, மூடாமல் பத்து நிமிசம் வத்த விட்டு, 100 மில்லி முதற்பால், வறுத்த பெருஞ்சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் மிளகுதூள். இறக்கினாப் பிறகு அரைத் தேசிக்காய்ப் புளி. போன தூள் மணம் இந்தக் கடைசிப் பத்து நிமிசத்திலைதான் திரும்பி வரும். இன்னும் வத்த விட்டால் பிரட்டல், புட்டுக்கு அதுதான் திறம்.

நேரமில்லாதவர்:

இவ்வளவு பாடு எதுக்கு? பிரஷர் குக்கரிலை 120 பாகை வரை போகும். அதே கால் இறைச்சி முக்கால் மணித்தியாலத்திலை அவிஞ்சிடும், தண்ணியும் ஒரு தம்ளர்தான்.

அகப்பை:

அவியும், மறுக்கேல்லை. ஆனா ஆவியைச் சடாரெண்டு திறந்துவிட்டால் உள்ளுக்கை குழம்பு பொங்கிக் கொதிச்சு நார் காயும், தானா அடங்க விடவேணும். ஐஞ்சு நிமிசம் கூடினால் துண்டு உடைஞ்சுபோம். ஸ்லோ குக்கரிலை அரை மணித்தியாலம் முன்னை பின்னை போனாலும் காரியமில்லை. காலமை வைச்சுட்டு வேலைக்குப் போறவைக்கு அதுதானே தேவை.

வயறிங் அண்ணை:

கரண்ட் கேள்விக்கு வாறன்.

3.5 லீற்றர் குக்கர் ஏறக்குறைய 200 வாற்று. எட்டு மணித்தியாலம் ஓடினால் கூடினது 1.6 அலகு. லண்டன் குக்கர் எண்டதாலை எங்கடை 230 வோல்ற்றுக்குச் சரி. கனடாவிலையிருந்து வாறது 120 வோல்ற்று, அதை நேரே குத்தினால் 200 வாற்றுச் சாமான் 700க்கு மேலை இழுக்கும். சுருள் எரியும், சட்டி வெடிக்கும். பிளக் மாத்துற 'அடாப்டர்' வோல்ற்றைக் குறைக்காது, அதை நம்பவேண்டாம். 230 வோல்ற்றை 120 ஆக்குற, 500 விஏ (வோல்ற்-அம்பியர்) தாங்கிற இறக்கு மின்மாற்றி வேணும். மின்சாரம் விநாடிக்கு எத்தினை தரம் துடிக்குதெண்ட கணக்கு எங்கடை 50 ஹேர்ட்ஸ், கனடாவிலை 60, சுருளுக்கு அது வித்தியாசமில்லை. ஆனா அந்தத் துடிப்பை எண்ணி நேரம் பாக்கிற டிஜிற்றல் மொடல் எண்டால் இஞ்சை பிந்தும், 8 மணித்தியாலத்துக்கு வைச்சது 9 மணி 36 நிமிசம் ஓடும்.

கரண்ட் போனால்: ஆள் வீட்டிலை நிண்டால் காத்திருக்கத் தேவையில்லை, உடனை இறைச்சியை வேறை சட்டிக்கு மாத்திக் காஸிலை முடியுங்கோ. பீங்கான் சட்டியைக் காஸ் நெருப்பிலை வைக்கக்கூடாது, பிளந்துபோம். முழுக்க அவிஞ்ச பிறகு போனதெண்டால் மூடி திறக்காமல் ரெண்டு மணித்தியாலம் வரை இருக்கலாம். ஒருத்தரும் இல்லாத நேரம் போய் வந்திருந்து, எவ்வளவு நேரம் எண்டும் தெரியாட்டி, கொட்டுங்கோ. வந்து பாக்கேக்கை கொதிச்சுக்கொண்டு நிண்டாலும் கொட்டுறதுதான், இடையிலை இளஞ்சூட்டிலை கிருமி விட்ட நஞ்சு சிலது திரும்பக் கொதிச்சாலும் போகாது. குமிழைத் திருகிப் போடுற மொடல் கரண்ட் வந்தவுடனை தானா ஓடும், போனது தெரியாது. அதே பிளக் பலகையிலை பற்றரி இல்லாமல் நேரே மின்சாரத்திலை ஓடுற முள்ளு மணிக்கூடு ஒண்டைக் குத்தி வையுங்கோ, பிந்தி நிக்கிற நிமிசம் எவ்வளவு நேரம் போனதெண்டு காட்டும்.

நேரம் பூட்டுற பிளக் போட்டு, பச்சை இறைச்சியைக் காலமை வைச்சுப் பத்து மணிக்குத் தொடங்க விடுறதும் வேண்டாம். எங்கடை வெயிலுக்கு அது பழுதாகிற வேலை.

கொட்டடிக்காரன்:

கனக்க நன்றி அண்ணை, அக்கா. இன்னும் ரெண்டு கேள்வி. போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) இறைச்சிக்கடை பூட்டு எண்டு முதல்நாள் வாங்கி ஃபிரீசருக்கை போட்டால், அப்பிடியே கட்டியாக் குக்கருக்கை போடலாமோ? உருளைக்கிழங்கு எப்ப போடுறது?

அகப்பை:

கட்டியாப் போடக்கூடாது. நடுப்பகுதி இளகிச் சூடேறவே மணிக்கணக்காகும், அவ்வளவு நேரமும் கிருமிக்கு வாய்ப்பு. ஒருநாளைக்குத்தானே, ஃபிரீசர் எதுக்கு? கீழ்த்தட்டிலை மூடி வைச்சாலே காணும். ஃபிரீசருக்கை போனதெண்டால் முதல் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி, காலமை தாச்சியிலை வாட்டித்தான் உள்ளுக்கை.

கிழங்கு இறைச்சியை விடப் பிந்தி அவியும், நம்பமாட்டியள். சூடு அடியிலையும் பக்கத்திலையும்தான் கூட. அதாலை கிழங்கை நாலாப் பிளந்து அடியிலை பரப்பி, இறைச்சியை மேலை வையுங்கோ. தக்காளிப்பழம், பழப்புளி ஏதும் சேக்கிறதெண்டால் கடைசியிலை. புளி பட்டால் கிழங்கு நேரத்துக்கு மெதுவாகாது.

சட்டியை மூண்டிலை ரெண்டு பங்குக்கு மேலை நிரப்பவேண்டாம். மிஞ்சினதைப் பீங்கான் சட்டியோடை ஃபிரிஜ்ஜுக்கை வைக்காமல் அகலமான ஏதனத்திலை ஆற விட்டு வையுங்கோ. விடியக் கொழுப்பு மேலை வெள்ளையா உறைஞ்சு நிக்கும், கரண்டியாலை ஏடு மாதிரிக் கிளப்பி எடுக்கலாம். கீழை குழம்பு ஜெலி மாதிரி ஆடினால் சரியான பகுதி வாங்கியிருக்கிறியள். சூடாக்கிறது அடுப்பிலை, குக்கரிலை இல்லை.