ஹாவர்த் மூர்வெளியில் தனியாக நடக்கலாமா?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் லீட்ஸில் படித்துவரும் நான், அக்டோபர் கடைசி வாரத்தில் ஹாவர்த் ஊரிலிருந்து டாப் விதன்ஸ் என்னும் இடிந்த பண்ணைவீடு வரை தனியாக நடந்து திரும்ப எண்ணியிருக்கிறேன். எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலைச் சென்ற ஆண்டு முழுமையாக வாசித்ததிலிருந்து, மரங்களற்று ஹீதர் புதர்கள் மட்டுமே படர்ந்து கிடக்கும் அந்த மூர்வெளி மேட்டுநிலத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. மலைநடைப் பழக்கம் எனக்கு அதிகமில்லை. துணைக்கு வருவாரும் இல்லை. அந்த வீடுதான் நாவலில் வரும் வீடு என்பது உண்மையா?

மறுமொழி 1

வீட்டைப் பற்றி அதன் சுவரிலேயே பதில் இருக்கிறது. கட்டடம் முழுமையாக இருந்த காலத்திலும் எமிலி பிராண்டே வருணித்த வீட்டை அது ஒத்திருக்கவில்லை என்றும், அது அமைந்திருக்கும் இடம் வேண்டுமானால் அவர் மனத்தில் இருந்திருக்கலாம் என்றும் 1964இல் பிராண்டே சங்கத்தார் பலகை பதித்திருக்கிறார்கள். ஆகவே அங்கே வீட்டைத் தேடாமல், சுவரோரம் சற்று நேரம் நின்று காற்றைக் கேளுங்கள். ‘வுதரிங்’ என்பதே புயற்காற்றின் கொந்தளிப்பைக் குறிக்கும் வட்டாரச் சொல் என்று நாவலின் முதல் அத்தியாயம் விளக்குகிறது. அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

லீட்ஸிலிருந்து கீத்லி வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் செல்லலாம். (Keighley என்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘கெய்லி’ என்று கேட்டுவிடாதீர்கள்.) போய்வரச் சுமார் 11 கிலோமீட்டர். போகும் வழியில் அருவியும் ஒரு சிறிய கற்பாலமும் வரும். பழைய பாலத்தை 1989இல் வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டதால், இப்போது இருப்பது பிறகு கட்டியது. வழிகாட்டிப் பலகைகளில் ஜப்பானிய எழுத்தும் இருப்பதிலிருந்து, உங்களைப் போன்ற வாசகர்கள் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மறுமொழி 2

தனியாகச் செல்லலாம், ஆனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவதால், அதற்குப் பிறகு மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். நான் சென்ற அன்று அருவியைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாமல் போகவே, வந்த வழியே திரும்பிவிட்டேன். அதில் வருத்தமில்லை. கைப்பேசி இணைப்பை நம்பாமல் தாளில் அச்சிட்ட வரைபடம் ஒன்றை வைத்திருங்கள். திரும்பும் நேரத்தை யாரிடமாவது சொல்லிச் செல்லுங்கள். ஆபத்து என்றால் 999ஐ அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

‘பீட்’ எனப்படும் அந்தக் கருஞ்சேற்று மண்ணை எளிதாக எண்ண வேண்டாம். 1824 செப்டம்பர் 2 அன்று பெருமழையில் குரோ ஹில் என்னும் குன்றின் சதுப்பு வெடித்துச் சேறு பள்ளத்தாக்கில் பாய்ந்தபோது, சிறுமி எமிலியும் அவருடைய தங்கை ஆனும் அண்ணன் பிரான்வெல்லும் அதே மூர்வெளியில்தான் உலவிக்கொண்டிருந்தார்கள்.

மறுமொழி 3

வீட்டைத் தேட வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. டாப் விதன்ஸிலிருந்து பென்னைன் வே என்னும் நெடுநடைப் பாதையில் வடக்கே இறங்கினால் பாண்டன் ஹால் என்னும் பழைய வீடு வரும். அதன் வாசலுக்கு மேலுள்ள கல்லில் 1801 என்று பொறித்திருக்கிறது. நாவல் தொடங்குவதும் அதே ஆண்டில்தான். பகல் நீண்ட கோடையில் இன்னொரு முறை வரும்போது அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.