பழைய சிலோன் பொலிஸ் தொப்பிச் சின்னம்: காலத்தைக் கணிக்க உதவி தேவை

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் கிடைக்கும் பழைய பொலிஸ் சின்னங்களைச் சேர்த்து வருகிறேன். கடந்த மாதம் கல்முனையில் பழைய பித்தளைச் சாமான் விற்பவர் ஒருவரிடம் வாங்கிய தொப்பிச் சின்னத்தின் காலத்தை உறுதிப்படுத்த முடியாமல் நிற்கிறேன்.

உயரம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர். மேலே கிரீடமும் கீழே ஆங்கிலத்தில் ‘சிலோன் பொலிஸ்’ என்ற எழுத்தும் உள்ளன. ‘சிலோன்’ என்ற பெயர் 1972 மே மாதத்தில் ‘ஸ்ரீலங்கா’ என மாறியதால், சின்னம் அதற்கு முந்தியது என்று கொள்ளலாம். சிக்கல் கிரீடத்தில்தான் இருக்கிறது. மன்னர் காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் உச்சிவரை குவிந்து எழும். எலிசபெத் அரசி 1953இல் முடிசூடிய பின் வந்த வடிவத்தில் அவை நடுவில் சற்றுத் தாழும். இதிலோ அந்த இடமே மழுங்கிக் கிடக்கிறது. களிம்பை நீக்கப் புளி போட்டுத் தேய்த்த என் அவசரத்துக்கும் அதில் பங்குண்டு.

உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். பக்கவாட்டில் ஒளி விழச் செய்து படமும் எடுத்தேன். ஓய்வுபெற்ற பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் காட்டியபோது, தாம் சேவையில் சேர்ந்தது 1972க்குப் பின்னர் என்றார். பின்புறத்தில் முன்பக்க உருவத்தின் பள்ளம் தெளிவாகத் தெரிவதால், இது அச்சில் அழுத்திச் செய்யப்பட்டதே தவிர வார்ப்புப் போலி அல்ல என்று நகைத்தொழிலாளி ஒருவர் கூறினார். பின்னால் உள்ள இரண்டு வளையங்களில் ஒன்று பிற்காலத்தில் பற்றவைக்கப்பட்டுள்ளது. தயாரிப்பாளர் முத்திரை எதுவும் இல்லை.

கிரீடத்தின் வளைவைத் தவிர்த்து, 1953க்கு முந்திய சின்னத்தையும் பிந்தியதையும் பிரித்தறிய உதவும் வேறு அடையாளம் என்ன?